அரசுக் கல்லூரிக்காக வாதாடும் வக்கீல்: அவர் வேலை என்ன, நமக்கு ஏன் தெரிய வேண்டும்?



சென்ற ஆண்டு கல்லூரிச் சேர்க்கை நேரம். அஸர் தொழுகை முடித்து அறக்கட்டளை அலுவலகத்தைத் திறந்தபோது, கணபதியில் லேத் பட்டறையில் வேலை பார்க்கும் ஒரு சகோதரர் மகளோடு வாசலில் நின்றிருந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. அதற்குள் சான்றிதழ்கள். மகளுக்கு ஓர் அரசுக் கல்லூரியில் முதுகலை அறிவியல் படிக்க, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கான ஒதுக்கீட்டில் இடம் கிடைத்திருந்தது. ஆனால் சான்றிதழ் சரிபார்க்கும்போது நிறுத்திவிட்டார்கள். காரணம், தந்தையின் பெயர் மதிப்பெண் பட்டியலில் ஒரு விதமாகவும் சாதிச் சான்றிதழில் வேறு விதமாகவும் இருந்தது. 'முஹம்மது' என்ற பெயரை ஆங்கிலத்தில் எழுதியதில் ஓர் எழுத்து கூடுதல். அவ்வளவுதான்.

இரண்டு பெயரும் ஒரே ஆளைத்தான் குறிக்கின்றன என்று தாசில்தார் அலுவலகத்தில் சான்று வாங்கி, கெடு முடிவதற்குள் கல்லூரியில் கொடுத்திருக்கிறார்கள். அந்தப் பெண் கெட்டிக்காரி. கொடுத்த கடிதத்தின் நகலில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கி வைத்திருந்தாள். இருந்தும் இடம் தரவில்லை. சென்னை உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட ஏற்பாடு செய்தோம். முதல் விசாரணையில் அரசுத் தரப்பில் ஒரு பெண் வழக்கறிஞர் எழுந்து, விவரம் கேட்டுச் சொல்ல அவகாசம் வேண்டும் என்றார். "இழுத்தடிக்கிறாங்க" என்று தந்தை கலங்கிப் போனார். அடுத்த விசாரணையில் அதே வழக்கறிஞர், மாணவி கொடுத்த சான்று கல்லூரிக் கோப்பில் இருக்கிறது, கெடுவுக்குள் வந்திருக்கிறது, இடமும் இன்னும் நிரப்பப்படவில்லை, சேர்த்துக்கொள்வதில் கல்லூரிக்கு ஆட்சேபம் இல்லை என்று சொன்னார். நீதிபதி அதைப் பதிவு செய்து உத்தரவு போட்டார். அல்ஹம்துலில்லாஹ், பெண் இப்போது படித்துக்கொண்டிருக்கிறாள்.

வெளியே வந்ததும் தந்தை எங்களிடம் கேட்டார்: "செயலாளர் பாய், எதிர்த்தரப்பு வக்கீல் எதுக்குங்க நமக்குச் சாதகமாப் பேசுனாங்க? நம்ம வக்கீல் ஏதாச்சும் பணம் கொடுத்தாருங்களா?"

அவர் விளையாட்டாகக் கேட்கவில்லை. நம் குடும்பங்களில் பலருக்கும் உள்ள எண்ணம்தான் இது. அதனால்தான் இந்த இதழில், அரசுக் கல்லூரிகளுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் வக்கீலாக இருப்பது என்றால் என்ன என்று விளக்கமாக எழுதுகிறோம்.

யாருக்கு யார் வக்கீல்?

நம் பிள்ளைகள் படிக்கும் கல்லூரிகள் எல்லாம் ஒரே வகை இல்லை. கோவை அரசு கலைக் கல்லூரி, 1945-ல் தொடங்கிய அரசு தொழில்நுட்பக் கல்லூரி, 1966-ல் வந்த கோவை மருத்துவக் கல்லூரி, மருதமலை சாலையில் உள்ள அரசு சட்டக் கல்லூரி ஆகியவை அரசுத் துறைகளின் கைகள் போன்றவை. கலைக் கல்லூரி மீது வழக்கு என்றால் உயர்கல்வித் துறைச் செயலாளர், கல்லூரிக் கல்வி இயக்குநர், கோவையில் இருக்கும் மண்டல இணை இயக்குநர், கல்லூரி முதல்வர் என்று வரிசையாக எதிர்மனுதாரர்கள் வருவார்கள். தொழில்நுட்பக் கல்லூரி என்றால் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம். மருத்துவக் கல்லூரி என்றால் சுகாதாரத் துறை. இவர்கள் எல்லோருக்கும் வாதாடுபவர் அரசு வழக்கறிஞர்.

உயர் நீதிமன்றத்தில் இவர்களுக்குத் தலைமை அட்வகேட் ஜெனரல். அரசியல் சட்டத்தின் 165-வது பிரிவின் கீழ் ஆளுநரால் நியமிக்கப்படுபவர். அவருக்குக் கீழே கூடுதல் அட்வகேட் ஜெனரல்கள், மாநில அரசு பிளீடர், சிறப்பு அரசு பிளீடர்கள், கூடுதல் அரசு பிளீடர்கள், அரசு வழக்கறிஞர்கள். துறைவாரியாக வேலை பிரித்துத் தரப்படும். கல்வித் துறை வழக்குகளைப் பார்ப்பவர்கள் தனியாக இருப்பார்கள். மாவட்ட நீதிமன்றத்தில் சிவில் வழக்குகளை அரசு பிளீடரும் கிரிமினல் வழக்குகளைப் பப்ளிக் பிராசிக்யூட்டரும் நடத்துவார்கள்.

பல்கலைக்கழகம் வேறு வகை. 1971-ல் வந்த தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் 1982-ல் வந்த பாரதியார் பல்கலைக்கழகமும் தனித்தனிச் சட்டத்தால் உருவானவை. சட்டத்தின் கண்ணில் பல்கலைக்கழகமே ஒரு தனி ஆள். அதன் பெயரில் வழக்குத் தொடுப்பவரும் அதன் மீது வழக்கு வந்தால் பதில் சொல்பவரும் பதிவாளர். அதற்கென்று தனியாக வழக்கறிஞர் வைத்துக்கொள்வார்கள். நீதிமன்றத்தில் 'ஸ்டாண்டிங் கவுன்சில்' என்பார்கள். ஆகவே பல்கலைக்கழகத்தின் மீது நாம் போடும் ஒரே மனுவுக்கு அரசுக்கு ஒருவர், பல்கலைக்கழகத்துக்கு ஒருவர் என்று இரண்டு வக்கீல்கள் எழுந்து நிற்பதைப் பார்க்கலாம். இருவரும் ஒரே குரலில் பேச வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

இந்த வேறுபாடு எவ்வளவு பெரிய விஷயம் என்பதை நம் ஊரே பார்த்தது. 2022 அக்டோபரில் பாரதியார் பல்கலைக்கழகத் துணைவேந்தரின் பதவிக்காலம் முடிந்தது. அடுத்தவரை நியமிப்பது யார் என்பதில் மாநில அரசுக்கும் வேந்தரான ஆளுநருக்கும் இடையே பிரச்சினை. நீண்ட காலம் குழு நிர்வாகத்திலேயே பல்கலைக்கழகம் நடந்தது. 2025 ஏப்ரல் 8 அன்று உச்ச நீதிமன்றம், ஆளுநர் நிறுத்தி வைத்திருந்த 10 மசோதாக்களுக்கு ஒப்புதல் கிடைத்ததாகவே கருத வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அவற்றில் பெரும்பாலானவை பல்கலைக்கழகங்கள் பற்றியவை. அடுத்த மாதமே, மே 21 அன்று, துணைவேந்தர் நியமனம் பற்றிய திருத்தங்களுக்குச் சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. மாநிலத்துக்கும் ஆளுநருக்கும் இடையிலான சண்டையாகவே இது செய்தியில் வந்தது. ஆனால் துணைவேந்தர் இல்லாத பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தவர்கள் நம் பிள்ளைகள்.

மூன்றாவது வகை அரசு உதவி பெறும் கல்லூரிகள். 1951-ல் தொடங்கிய திருச்சி ஜமால் முஹம்மது கல்லூரியும் சென்னை நியூ காலேஜும் நம் முன்னோர்கள் கட்டிய அத்தகைய கல்லூரிகள். அங்கே ஆசிரியர் சம்பளத்தில் அரசுக்குப் பங்கு உண்டு. வழக்கு வந்தால் கல்லூரிக்குச் சொந்த வக்கீல், இணை இயக்குநருக்கு அரசு வக்கீல். சிறுபான்மையினர் கல்வி நிறுவனம் நடத்தும் உரிமையைத் தரும் 30-வது பிரிவைக் காட்டிக் கல்லூரி பேசும். அரசு விதிகளைக் காட்டி அரசு வக்கீல் பேசுவார்.

ஒரு மனு எப்படி நகர்கிறது?

ரிட் மனு போடும்போதே ஒரு நகல் அரசு பிளீடர் அலுவலகத்துக்குப் போய்விடும். முதல் நாள் நீதிமன்றத்தில் அரசு வழக்கறிஞர் எழுந்து நோட்டீஸைப் பெற்றுக்கொள்வார். அப்போது அவர் கையில் நம் மனு மட்டுமே இருக்கும். கல்லூரியின் கோப்பு இருக்காது. அதனால்தான் அவகாசம் கேட்கிறார். லேத் பட்டறைச் சகோதரர் இழுத்தடிப்பு என்று நினைத்தது இந்த மூன்று நாட்களைத்தான்.

அந்த நாட்களில் அவர் துறைக்கு எழுதுவார். துறை மண்டல அலுவலகத்துக்கு எழுதும். அங்கிருந்து முதல்வருக்குப் போகும். முதல்வர், நம் மனுவின் ஒவ்வொரு பத்திக்கும் தனித்தனியாகப் பதில் எழுதி ஆவணங்களை இணைத்து அனுப்ப வேண்டும். 'பாராவைஸ் ரிமார்க்ஸ்' என்று அலுவலகங்களில் சொல்வது இதைத்தான். அதை வைத்து வழக்கறிஞர் பதில் மனு தயாரிப்பார். சம்பந்தப்பட்ட அதிகாரி சத்தியம் செய்து கையெழுத்திடுவார். அதன் பிறகே வாதம்.

இந்த வேலையின் உண்மையான கஷ்டம் வாதத்தில் இல்லை, இந்தக் காகிதப் போக்குவரத்தில் இருக்கிறது. கல்லூரி எழுத்தர் விடுப்பில் இருப்பார். பழைய கோப்பு வேறு கட்டடத்தில் இருக்கும். பட்டியலில் வழக்கு நாளை காலை வருகிறது என்று இரவில் தெரியும். கோப்பில் இல்லாததை வழக்கறிஞர் சொல்ல முடியாது. கோப்பில் இருப்பதை மறைக்கவும் கூடாது.

தீர்ப்பு வந்த பிறகும் வேலை முடிவதில்லை. அரசுக்கு எதிராகத் தீர்ப்பு வந்தால், மேல்முறையீடு செய்யத் தகுந்ததா என்று அவர் கருத்து எழுதித் தர வேண்டும். தனி நீதிபதியின் உத்தரவுக்கு எதிராக ரிட் அப்பீல் போட 30 நாள் கெடு. அப்பீலும் போடாமல் உத்தரவையும் நிறைவேற்றாமல் இருந்தால் அவமதிப்பு வழக்கு வரும். 'இதில் நமக்கு வழக்கே இல்லை, உத்தரவை நிறைவேற்றிவிடுங்கள்' என்று துறைக்கு எழுதத் துணிபவரே நல்ல அரசு வழக்கறிஞர்.

1973-ல் தில்பாக் ராய் ஜாரி வழக்கில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ண ஐயர், நம் பக்கத்து ஊரான பாலக்காட்டில் பிறந்தவர், இதைத் தெளிவாக்கினார். அரசு ஒரு தனியார் வழக்காளியைப் போல எப்படியாவது ஜெயிக்கப் பார்க்கக் கூடாது, நியாயமான கோரிக்கையைத் தொழில்நுட்பக் காரணம் காட்டித் தோற்கடிக்கக் கூடாது என்பது அவர் சொன்னதன் சாரம். அந்தப் பெண் வழக்கறிஞர் நம் மாணவிக்குச் சலுகை எதுவும் செய்யவில்லை. தன் வேலையைத்தான் செய்தார். பணம் எங்கே வந்தது?

அவர் மேஜைக்கு வரும் வழக்குகள்

சேர்க்கை, சாதிச் சான்றிதழ், வருகைப்பதிவுக் குறைவு, மறுமதிப்பீடு, நிறுத்தி வைத்த தேர்வு முடிவு, திருப்பித் தராத அசல் சான்றிதழ், ராகிங் நடவடிக்கை என்று மாணவர் வழக்குகள் ஒரு பக்கம். கௌரவ விரிவுரையாளர்களின் கோரிக்கை, பதவி உயர்வு, ஓய்வூதியம், ஒழுங்கு நடவடிக்கை என்று ஊழியர் வழக்குகள் இன்னொரு பக்கம். நிலம், ஒப்பந்தம், கட்டட டெண்டர் ஆகியவையும் உண்டு. வழக்கே வராமல் தடுக்கும் வேலையும் இருக்கிறது. சுற்றறிக்கை அனுப்பும் முன் அது சட்டப்படி நிற்குமா என்று கருத்துக் கேட்டு வரும்.

எதில் நீதிமன்றம் தலையிடும், எதில் தலையிடாது என்பதும் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். "மார்க் குறைச்சுப் போட்டுட்டாங்க, கேஸ் போடணும்" என்று பலர் வருகிறார்கள். விதியில் மறுமதிப்பீடு இல்லாவிட்டால் அதை உரிமையாகக் கேட்க முடியாது என்று 1984-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் தன் விடைத்தாளைப் பார்க்கும் உரிமை மாணவருக்கு உண்டு. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் திருத்திய விடைத்தாளைக் கேட்டுப் பெறலாம் என்று 2011 ஆகஸ்டில் அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அசல் சான்றிதழைக் கல்லூரி பிடித்து வைக்கக் கூடாது என்று 2018 அக்டோபரில் பல்கலைக்கழக மானியக் குழு அறிவித்திருக்கிறது. இத்தகைய விஷயங்களில் கல்லூரி பிடிவாதமாக இருந்தால், அதை நீதிமன்றத்தில் நியாயப்படுத்த அரசு வழக்கறிஞரிடமே சரக்கு இருக்காது.

எல்லா வழக்கும் சந்தோஷமாக முடிவதில்லை. சில ஆண்டுகளுக்கு முன் நம் பகுதி மாணவன் ஒருவன் மஞ்சள் காமாலையில் ஒரு மாதத்துக்கு மேல் படுத்துவிட்டான். வருகைப்பதிவு 75 சதவீதத்துக்குக் கீழே போனது. மருத்துவச் சான்றைக் கல்லூரியில் கொடுத்துவிட்டு வந்தான், ரசீது வாங்கவில்லை. நேரில் கொடுத்தால் போதும் என்று அவனுக்குச் சொன்னது நாங்கள்தான். தேர்வெழுத அனுமதி இல்லை என்றதும் மனுப் போட்டோம். அரசு வழக்கறிஞர் வருகைப் பதிவேட்டின் பக்கங்களைத் தாக்கல் செய்தார். மருத்துவச் சான்று வந்ததாகக் கோப்பில் எதுவும் இல்லை என்றார். எங்களிடமும் எதுவும் இல்லை. மனு தள்ளுபடியானது. அவனுக்கு ஓராண்டு வீணானது. அன்று அந்த வழக்கறிஞர் மீது எங்களுக்கு வருத்தம் இருந்தது. இப்போது யோசித்தால், அவர் கோப்பில் இருந்ததைச் சொன்னார், அவ்வளவே. அந்தப் பெண்ணுக்கும் இந்தப் பையனுக்கும் இடையில் இருந்த வேறுபாடு ஒரு ரப்பர் முத்திரை.

1950-ல் 14-ல் 1

அரசுக் கல்லூரிக்காக வாதாடுவது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு நம் மாகாணத்திலேயே பெரிய உதாரணம் இருக்கிறது. அப்போது சென்னை மாகாணத்தில் மருத்துவ, பொறியியல் கல்லூரி இடங்கள் வகுப்புவாரி அரசாணைப்படி நிரப்பப்பட்டன. 14 இடங்களை எடுத்துக்கொண்டால் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, ஹரிஜனங்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர் மற்றும் இந்தியக் கிறிஸ்தவர்களுக்கு 1, முஸ்லிம்களுக்கு 1.

அரசியல் சட்டம் நடைமுறைக்கு வந்த அதே 1950-ல் செண்பகம் துரைராஜன், சீனிவாசன் என்ற இருவர் இந்த ஆணையை எதிர்த்து வழக்குப் போட்டார்கள். செண்பகம் கல்லூரிக்கு விண்ணப்பமே செய்யவில்லை. சீனிவாசன் 450-க்கு 369 மதிப்பெண் வாங்கியவர், பொறியியல் படிக்க விண்ணப்பித்தவர். நலிந்த பிரிவினரின் கல்வியைப் பேணுவது அரசின் கடமை என்று 46-வது பிரிவு சொல்கிறதே என்று அரசுத் தரப்பு வாதாடியது. அது வழிகாட்டு நெறி மட்டுமே, அடிப்படை உரிமையை மீற முடியாது என்று நீதிமன்றம் சொன்னது. 1950 ஜூலை 27-ல் உயர் நீதிமன்றத்திலும், 1951 ஏப்ரல் 9-ல் உச்ச நீதிமன்றத்தில் ஏழு நீதிபதிகள் அமர்விலும் அரசு தோற்றது.

ஆனால் அந்தத் தோல்வி ஒரு விஷயத்தைத் துல்லியமாகக் காட்டிவிட்டது. அரசு வேலையில் இடஒதுக்கீட்டுக்கு அரசியல் சட்டத்தில் வாசகம் இருக்கிறது, கல்லூரிச் சேர்க்கைக்கு இல்லை. தமிழகத்தில் கிளர்ச்சி எழுந்தது. 1951 ஜூன் 18-ல் முதலாவது அரசியல் சட்டத் திருத்தம் வந்தது. 15-வது பிரிவில் 4-வது உட்பிரிவு சேர்க்கப்பட்டது. பின்னாளில் 1994-ல் தமிழகத்தின் 69 சதவீதச் சட்டமும், 2007-ல் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கான 3.5 சதவீத உள்ஒதுக்கீடும் அந்த வழியில் வந்தவைதான். நம் பெண்ணுக்குக் கிடைத்த முதுகலை இடத்தின் வேர் அங்கே இருக்கிறது.

ஜெயித்த வழக்கும் உண்டு. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத இடம் தரும் சட்டம் 2020-ல் வந்தது. ஓய்வு பெற்ற நீதிபதி பி. கலையரசன் தலைமையிலான குழுவின் ஆய்வு அதற்கு அடிப்படை. எதிர்த்து வழக்குகள் வந்தன. 2022 ஏப்ரல் 7-ல் உயர் நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. உரிமை சட்டப் புத்தகத்தில் ஏறினால் மட்டும் போதாது. ஒவ்வொரு முறை கேள்விக்குள்ளாகும்போதும் புள்ளிவிவரத்தோடு எழுந்து நின்று அதைக் காப்பாற்ற ஒருவர் வேண்டும். அந்த ஒருவர் அரசு வழக்கறிஞர்.

மனசாட்சி என்ன சொல்லும்?

சட்டம் படிக்கும் நம் பிள்ளைகள் சிலர், "ஏழை மாணவனுக்கு எதிராக வாதாட வேண்டி வருமே, கூடுமா?" என்று கேட்கிறார்கள். நல்ல கேள்வி. 'வக்கீல்' என்பதே அரபுச் சொல். நிகாஹ் மஜ்லிஸில் பெண் சார்பாக வருபவரையும் வக்கீல் என்றுதான் சொல்கிறோம். பொறுப்பு ஒப்படைக்கப்பட்டவர் என்று பொருள். 'வக்காலத்து'ம் அதே வேரில் வந்தது. ஆக, அது ஓர் அமானிதம்.

அந்நிஸா அத்தியாயத்தின் 105-வது வசனமும் அடுத்து வருபவையும் இறங்கிய பின்னணியை மதரஸாவில் படித்திருக்கிறோம். மதீனாவில் கவசம் ஒன்று திருடு போகிறது. திருடியவனின் உறவினர்கள் அவனுக்காகப் பேசி, பழியை ஒரு யூதர் மீது போடப் பார்க்கிறார்கள். நிரபராதி யூதர்தான் என்று வஹீ தெளிவாக்கியது. மோசடிக்காரனுக்குப் பரிந்து பேசுவதைக் கண்டித்தது. நம்மவன் என்பதற்காகப் பொய்யைத் தாங்கிப் பிடிக்கக் கூடாது. இந்த அளவுகோல் இரு பக்கமும் பொருந்தும். துறை தவறு செய்தால் அதை மறைக்கக் கூடாது. மாணவர் பொய்ச் சான்றிதழோடு வந்தால் இரக்கப்பட்டு விட்டுவிடவும் கூடாது. ஏனென்றால் அந்த இடம் காத்திருக்கும் இன்னொரு ஏழையுடையது.

நம் பிள்ளைகளுக்கு வழி

நீதித்துறையில் நம் முன்னோர்கள் இருந்திருக்கிறார்கள். நீதிபதி பஷீர் அஹ்மத் சயீத் 1955-ல் சென்னையில் பெண்களுக்கான எஸ்.ஐ.இ.டி. கல்லூரியை உருவாக்கினார். நீதிபதி மு.மு. இஸ்மாயில் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியாக இருந்தார். 1989-ல் உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதியான பாத்திமா பீவி, 1997 முதல் 2001 வரை தமிழக ஆளுநராக, நம் பல்கலைக்கழகங்களின் வேந்தராகவும் இருந்தார். ஆனால் இன்று நம் பகுதியில் பிளஸ் டூ முடித்த பிள்ளைகளிடம் கேட்டால் இன்ஜினியரிங், பி.காம்., வெளிநாட்டு வேலை என்றுதான் சொல்கிறார்கள்.

பிளஸ் டூ முடித்தால் ஐந்தாண்டுச் சட்டப் படிப்பு, பட்டம் முடித்தால் மூன்றாண்டுப் படிப்பு. கோவையிலேயே அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது. தனியாரோடு ஒப்பிட்டால் கட்டணம் மிகக் குறைவு. படித்ததும் பார் கவுன்சிலில் பதிவு செய்ய வேண்டும். பதிவுக் கட்டணம் பொதுப் பிரிவினருக்கு 750 ரூபாயைத் தாண்டக் கூடாது என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பிறகு அகில இந்திய பார் தேர்வு எழுத வேண்டும். அதற்குப் பிறகு ஒரு மூத்த வழக்கறிஞரிடம் ஜூனியராகச் சேர வேண்டும். அந்த ஆண்டுகளில் வருமானம் சொற்பம்தான். குடும்பம் பொறுத்துக்கொள்ள வேண்டிய காலம் அது. நம் பிள்ளைகள் பலர் இங்கேதான் விட்டுவிட்டு வேறு வேலைக்குப் போகிறார்கள்.

உயர் நீதிமன்ற அரசு வழக்கறிஞர் பதவி நிரந்தர வேலை கிடையாது. குறிப்பிட்ட காலத்துக்கு நியமிப்பார்கள். ஆட்சி மாறினால் ஆட்களும் மாறுவது வழக்கம். நியமனம் வேண்டியவர்களுக்கு என்று இல்லாமல் வெளிப்படையான முறையில் நடக்க வேண்டும் என்று 2016 மார்ச்சில் பஞ்சாப் வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் கண்டிப்பாகச் சொன்னது. அதை ஒட்டித் தமிழகமும் 2017-ல் விதிகள் கொண்டுவந்தது. பதவியில் இருக்கும்போது அரசுக்கு எதிரான வழக்குகளை எடுக்க முடியாது. பல்கலைக்கழகங்களின் ஸ்டாண்டிங் கவுன்சில் வேலையும் ஒப்பந்த அடிப்படையில்தான். தேர்வெழுதி நிரந்தர வேலைக்குப் போக விரும்பினால் டி.என்.பி.எஸ்.சி. நடத்தும் உதவி அரசு வழக்கறிஞர் தேர்வு இருக்கிறது; ஆனால் அது குற்றவியல் நீதிமன்றத்துக்கானது.

இத்தனை இருந்தும் ஏன் போகச் சொல்கிறோம்? சட்டத்தைத் துறையின் உள்ளே இருந்து கற்றுக்கொள்ளும் வாய்ப்பு வேறு எங்கும் கிடைக்காது. பெயரில் ஓர் எழுத்து மாறினால் ஒரு முஸ்லிம் குடும்பம் என்ன பாடுபடும் என்று தெரிந்த ஒருவர் அந்த மேஜையில் இருந்தால், கோப்பைப் படிக்கும் கண்ணே வேறாக இருக்கும். அவர் நமக்குச் சலுகை செய்ய வேண்டாம். கோப்பைக் கவனமாகப் படித்தால் போதும்.

குடும்பங்கள் இன்றே செய்ய வேண்டியவை

1. வீட்டில் எல்லோருடைய ஆதார், மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ் ஆகியவற்றை ஒன்றாக வைத்துப் பெயர், தந்தை பெயர், இனிஷியல் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள். பள்ளியில் படிக்கும்போதே திருத்துவது சுலபம். பெயரை மாற்ற வேண்டியிருந்தால் தமிழ்நாடு அரசிதழில் வெளியிடுங்கள்.

2. சாதிச் சான்றிதழில் அரசுப் பட்டியலில் உள்ள பிரிவின் பெயர் இருக்க வேண்டும். அன்சார், தக்கனி முஸ்லிம், துதேகுலா, ராவுத்தர், மரைக்காயர் உட்பட லெப்பை, மாப்பிள்ளை, ஷேக், சையத் ஆகியவை அந்தப் பட்டியலில் உள்ளவை. 'இஸ்லாம்' என்று மட்டும் இருந்தால் ஒதுக்கீடு கிடைக்காமல் போகலாம்.

3. கல்லூரியில் எதைக் கேட்டாலும் எழுத்தில் கேளுங்கள். நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். வாங்க மறுத்தால் ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

4. மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். தராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தில் கேட்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும்.

5. நீதிமன்றத்துக்கு முன் படிகள் உண்டு. முதல்வர், மண்டல இணை இயக்குநர், பல்கலைக்கழகப் பதிவாளர். 2023-ன் மானியக் குழு விதிகளின்படி மாணவர் குறைதீர்க்கும் குழுவும் அதற்கு மேல் ஆம்பட்ஸ்பர்சனும் இருக்க வேண்டும். ராகிங் என்றால் 1800-180-5522.

6. அரசு மீது சிவில் வழக்குப் போட இரண்டு மாத முன்னறிவிப்பு தேவை. ரிட் மனுவுக்கு அது தேவையில்லை. ஆனால் தாமதம் செய்தால் இடம் நிரம்பிவிடும். சேர்க்கைப் பிரச்சினை என்றால் மறுநாளே எங்களிடம் வாருங்கள்.

7. வக்கீல் கட்டணத்துக்குப் பயப்பட வேண்டாம். கோவை நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவசச் சட்ட உதவி உண்டு. தொலைபேசி எண் 15100.

இவற்றில் எது இல்லாவிட்டாலும் மூன்றாவதை மறக்காதீர்கள். நாம் முத்திரை வாங்கிக் கொடுத்த காகிதம்தான் பிறகு கோப்பாகி அரசு வழக்கறிஞரின் கைக்குப் போகிறது. நமக்காகப் பேச வேண்டிய காகிதம் அங்கே இருந்தால், அவர் வாயிலிருந்தே அது பேசும்.

அந்த லேத் பட்டறைச் சகோதரர் உத்தரவு வந்த அன்று நீதிமன்ற வாசலில் கால் கிலோ பால்கோவா வாங்கிக்கொண்டு போய் அரசு வழக்கறிஞரிடம் நீட்டினார். அவர் வாங்கவில்லை. "ஐயா, நான் கல்லூரிக்கு வக்கீல்ங்க. கல்லூரி கையில சரியான பேப்பர் இருந்துச்சு, அதைத்தான் சொன்னேன். பொண்ணை நல்லாப் படிக்க வைங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த கோர்ட் ஹாலுக்கு நடந்துவிட்டார். ரயிலில் திரும்பி வரும்போது அந்தப் பெண் எங்களிடம் கேட்டாள்: "எம்.எஸ்ஸி. முடிச்சுட்டு லா படிக்கலாங்களா மாமா?"

படிக்கலாம் அம்மா. மூன்றாண்டுப் படிப்பு, கோவையிலேயே இருக்கிறது. அறக்கட்டளையின் கல்வி உதவியில் இனி சட்ட மாணவர்களையும், முதல் ஆண்டு ஜூனியர்களையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று நிர்வாகக் குழுவில் பேசியிருக்கிறோம். ஜகாத், ஸதகா தரும் சகோதரர்கள் இதையும் நினைவில் வையுங்கள். நீதியின் பக்கம் நிற்கும் நல்ல வக்கீல்கள் நம் வீடுகளிலிருந்தும் வர அல்லாஹ் அருள்புரிவானாக, ஆமீன்.